எண்ணுகிறோம், படிப்பதில்லை

ராஜேஷ் ராவ் என்ற பெயரை நம் பக்கத்துத் தமிழர்கள் பலர் கேட்டிருப்பார்கள். அலோர் ஸ்டாரில் கோயில் மண்டபச் சொற்பொழிவில் கேட்டிருக்கலாம். புலனக் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வந்து விழும் நீளமான செய்தி ஒன்றில் படித்திருக்கலாம். செய்தி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: அமெரிக்காவில் நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார், மூளை ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர், அவருடைய ஆய்வுகளை ஆயிரக்கணக்கானோர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், அவர் கணினியை வைத்துச் சிந்துவெளி எழுத்து தமிழ்தான் என்று நிரூபித்துவிட்டார். 2025 ஜனவரி 5-ஆம் நாள், சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று தமிழ்நாட்டு முதல்வர் ஸ்டாலின் அறிவித்த பிறகு இந்தச் செய்தி மறுபடியும் ஒரு சுற்று வந்தது.

இதில் நான்கு கூற்றுகள் இருக்கின்றன. உலகப் புகழ் என்பது உண்மை. ஆயிரக்கணக்கான மேற்கோள் என்பதும் உண்மை. ‘நம்ம ஆள்’ என்பதைப் பிறகு பார்ப்போம். ‘நிரூபித்துவிட்டார்’ என்பது பொய். அந்தப் பொய்யை விழுங்க வைப்பதற்குத்தான் உண்மையான ஓர் எண் முன்னால் வந்து நிற்கிறது. ‘இவ்வளவு மேற்கோள் உள்ளவர் சொன்னால் தப்பாவா இருக்கும்?’ என்பதுதான் வாதம். ஒரு மனிதர் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டார் என்பதைத் தெரிந்துகொண்டு, அவர் என்ன எழுதினார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விடும் இந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை. புலனக் குழு மாமாக்களை மட்டும் நான் சொல்லவில்லை. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன, படிவம் போட்டு, முத்திரை குத்தி.

முதலில் ஆளைப் பார்ப்போம். ராவ் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவர். இளங்கலை படித்தது டெக்சஸில் ஆஞ்செலோ ஸ்டேட் பல்கலைக்கழகம். நம் ஊரில் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் எந்தப் பெற்றோரும் கேள்விப்பட்டிராத பெயர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த எனக்கு அந்த ஒரு விவரம் ரொம்பப் பிடிக்கும். பிறகு ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், 1998-இல். இப்போது சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2013-இல் அவரும் ஆந்திரேயா ஸ்டோக்கோவும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். ராவ் ஒரு கூடத்தில் உட்கார்ந்து கையை அசைப்பதாக மனதில் நினைக்க, வளாகத்தின் இன்னொரு பக்கத்தில் இருந்த ஸ்டோக்கோவின் விரல் விசைப்பலகையை அழுத்தியது. நாளிதழ்களுக்கு அது போதும். ஆனால் அவருடைய மேற்கோள் கணக்கைத் தூக்கி நிறுத்துவது அந்தச் சோதனை இல்லை. 1999-இல் டானா பாலர்டுடன் சேர்ந்து ‘நேச்சர் நியூரோசயன்ஸ்’ இதழில் எழுதிய ஒன்பது பக்கக் கட்டுரை.

அதில் என்ன இருக்கிறது? இருட்டில் படி இறங்கியிருப்பீர்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைக்கிறீர்கள், தரை வந்துவிடுகிறது. உடம்பே தூக்கிவாரிப் போடும். அதற்கு முந்தைய பத்துப் படிகளில் எதுவுமே தோன்றவில்லை. ஏனென்றால் மூளை முன்கூட்டியே கணித்துவிட்டது, கணிப்பு சரியாக இருந்தது, சொல்வதற்குச் செய்தி இல்லை. கணிப்புத் தவறிய இடத்தில்தான் செய்தி பிறக்கிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பாதையும் இப்படித்தான் வேலை செய்கிறது என்றார்கள் ராவும் பாலர்டும். மேல் அடுக்கு கீழ் அடுக்குக்கு ‘இதைத்தான் பார்க்கப் போகிறாய்’ என்று கணிப்பை அனுப்புகிறது. கீழ் அடுக்கு, கணிப்புக்கும் கண்டதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும், அதாவது பிழையை மட்டும், மேலே அனுப்புகிறது.

வெறும் தத்துவமாக இருந்தால் இது மறந்து போயிருக்கும். 1960களில் ஹ்யூபலும் வீசலும் பூனையின் மூளையில் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருந்தார்கள். சில நரம்பணுக்கள் சின்னக் கோட்டைக் காட்டினால் துடிக்கும். அதே கோட்டை நீட்டினால் அடங்கிவிடும். கோடு பெரிதானால் ஏன் சத்தம் குறைய வேண்டும்? ராவும் பாலர்டும் இயற்கைக் காட்சிகளின் படங்களைக் கொடுத்துத் தங்கள் கணினி மாதிரியைப் பழக்கினார்கள். அதற்குள்ளும் அதே மாதிரி அடங்கும் அணுக்கள் தானாக உருவாயின. இயற்கையில் கோடுகள் பெரும்பாலும் நீளமானவை. நீளக் கோட்டை மேல் அடுக்கு கணித்துவிடுகிறது, பிழை இல்லை, அதனால் அணு பேசவில்லை. குட்டைக் கோடுதான் எதிர்பாராதது. முப்பது வருட விசித்திரத்துக்கு எளிய விளக்கம் ஒன்று கிடைத்தது.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். மேற்கோள் கணக்கை ஒரு தொழிலாக ஆக்கியவர் யூஜின் கார்ஃபீல்ட். 1955-இல் ‘சயன்ஸ்’ இதழில் யோசனை சொன்னார், 1964-இல் அட்டவணையாக வெளியிட்டார். அவர் நோக்கம் தேடுவதற்கு வசதி: ஒரு கட்டுரையைப் பின்னால் யார் எடுத்துப் பேசினார்கள், யார் மறுத்தார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழி. ஆளை எடை போடுவதற்கான தராசு பிறகு வந்தது. 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ‘எச் எண்’ என்ற கணக்கைக் கொடுத்தார். உங்கள் கட்டுரைகளில் இருபது கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், உங்கள் எச் எண் இருபது. எளிய கணக்கு, ஒரே எண், எந்தக் கிளார்க்கும் படிவத்தில் நிரப்பலாம். அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது. பதினைந்து வருடம் கழித்து ஹிர்ஷே, தன் கணக்கு எதிர்பாராத கெடுதல்களைச் செய்துவிட்டது என்று எழுதினார். அதற்குள் எல்லாப் படிவங்களும் அச்சாகிவிட்டன.

நம் நாட்டிலும் அச்சாகின. 2006-இல் மலாயா, சயின்ஸ், கெபாங்சான், புத்ரா என்று நான்கு பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாயின. 2010-இல் தெக்னோலோஜி சேர்ந்தது. ஆய்வை மதிப்பிட ‘மைரா’ என்ற அளவீட்டு முறை வந்தது. எத்தனை கட்டுரை, எந்த இதழ், எத்தனை மேற்கோள். உலகத் தரவரிசைப் பட்டியல்களும் மேற்கோளுக்கு மதிப்பெண் கொடுப்பதால், துணைவேந்தருக்கு வந்த கவலை துறைத்தலைவருக்கு இறங்கி, அங்கிருந்து விரிவுரையாளருக்கு இறங்கி, கடைசியில் மாணவன் தலையில் விழுகிறது. நான் படித்த இடத்தில் இறுதியாண்டுத் திட்டப்பணி ஒன்று மாநாட்டுக் கட்டுரையாகப் போனபோது, விரிவுரையாளர் ஒருவர் தம்முடைய நான்கு கட்டுரைகளின் பட்டியலை நீட்டினார். இரண்டுக்கும் எங்கள் தலைப்புக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஏன் சார் என்று கேட்டதற்கு, “கே.பி.ஐ.-லா” என்று சிரித்தார். நல்ல மனிதர்தான். அவருடைய பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தராசில் 1999 கட்டுரையை வைத்துப் பாருங்கள். அதற்கு வந்த மேற்கோள்களில் பெரும்பகுதி முதல் பத்தாண்டு கழிந்த பிறகு வந்தவை. கார்ல் ஃபிரிஸ்டன் 2005-இல் அதை வளர்த்து எழுதினார். 2013-இல் ஆண்டி கிளார்க் என்ற தத்துவப் பேராசிரியர் எழுதிய கட்டுரை அந்த யோசனையைத் துறைக்கு வெளியே கொண்டுபோனது. பிறகு செயற்கை அறிவுக்காரர்கள் வந்தார்கள். மூன்று வருட ஒப்பந்தத்தில் இருக்கும் நம் ஊர் விரிவுரையாளர் ஒருவர் இந்தக் கட்டுரையை எழுதியிருந்தால், புதுப்பிப்பு நேர்காணலில் “இதுக்கு எவ்வளவு இம்பேக்ட்?” என்று கேட்டிருப்பார்கள். பதில் அப்போது பிறந்திருக்கவே இல்லை. ராவ் அதே யோசனையைத் தொடர்ந்து, 25 வருடம் கழித்து 2024-இல், அதே இதழில் மூளைப் புறணி முழுமைக்குமான ஒரு கோட்பாடாக விரித்து எழுதினார். ஒரு கேள்வியோடு கால் நூற்றாண்டு இருப்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

நான் வேலை செய்வது தொழிற்சாலையில். எங்கள் வேலையும் எண்களோடுதான். ஒரு நாள் தேர்ச்சி விகிதம் அளவுக்கு மீறி அழகாக வந்தால், கேக் வெட்ட மாட்டோம். சோதனைக் கருவி எதை அளக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். மேற்கோள் எண் எதை அளக்கிறது? ஒரு கட்டுரையின் பெயரை எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை. படித்து எழுதினார்களா, படிக்காமல் எழுதினார்களா, ஏற்று எழுதினார்களா, கிழித்து எழுதினார்களா என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. இதற்கு ராவின் வாழ்க்கையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அது நமக்கு மிகவும் நெருக்கமானது. சிந்துவெளிக் கட்டுரை.

அது 2009-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. எழுதியவர்கள் ஆறு பேர்: சியாட்டிலிலிருந்து ராவ், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து நிஷா யாதவ், மயங்க் வாஹியா, மும்பையைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஹ்ருஷிகேஷ் ஜோக்லேகர், சென்னை கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து ரணஜய் அதிகாரி, ரோஜா முத்தையா நூலகத்தின் சிந்துவெளி ஆய்வு மையத்திலிருந்து ஐராவதம் மகாதேவன். புலனச் செய்தியில் ஐந்து பேர் காணாமல் போய்விடுகிறார்கள். அமெரிக்காவில் இருப்பவர் ஒருவர் மட்டும் மிஞ்சுகிறார். அது ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் கட்டுரை என்ன கேட்டது? சிந்துவெளி முத்திரைகளில் இருப்பது எந்த மொழி என்று கேட்கவில்லை. அது மொழியா, அல்லது மொழியில்லாத வேறு அடையாளங்களா என்று மட்டும் கேட்டது. காரணம், 2004-இல் ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்ஸல் மூவரும், சிந்துவெளிக் குறியீடுகள் எழுத்தே அல்ல என்று எழுதியிருந்தார்கள். ஒரு பொறிப்பில் சராசரியாக ஐந்து குறியீடுகள். ஒரே பக்கத்தில் கிடைத்த மிக நீளமானதில் பதினேழு. இவ்வளவு சின்னதாகவா ஒரு நாகரிகம் எழுதும் என்பது அவர்கள் கேள்வி.

இதற்கு ராவ் குழு எடுத்த கருவி என்ட்ரோப்பி. பயப்பட வேண்டாம், தமிழ் எழுதத் தெரிந்த எவருக்கும் இது தெரிந்த விஷயம்தான். ‘ங்’ என்று எழுதிவிட்டால் அடுத்து வருவது கிட்டத்தட்ட எப்போதும் ககர வரிசைதான், யோசிக்கவே வேண்டாம். ‘க’ என்று எழுதினால் அடுத்து பல எழுத்துகள் வரலாம். ஆனால் எது வேண்டுமானாலும் வர முடியாது. ஒரு குறியீட்டுக்குப் பின் எது வரும் என்பதில் எவ்வளவு ஐயம் மிச்சமிருக்கிறது என்பதற்கான அளவுதான் இது. சாலை விளக்கில் பச்சைக்குப் பின் மஞ்சள், மஞ்சளுக்குப் பின் சிவப்பு. ஐயமே இல்லை. நாலு நம்பர் குலுக்கலில் ஓர் எண்ணுக்குப் பின் எந்த எண்ணும் வரலாம். முழு ஐயம். மொழி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ராவ் குழு சிந்துவெளிக் குறியீடுகளை ஆங்கிலம், பழந்தமிழ், ரிக்வேத சமஸ்கிருதம், சுமேரியம் ஆகியவற்றோடும், மொழியல்லாதவற்றில் மனித டி.என்.ஏ., பாக்டீரியாப் புரதம், ஃபோர்ட்ரான் கணினி நிரல் ஆகியவற்றோடும் ஒப்பிட்டது. சிந்துவெளி மொழிகளின் கூட்டத்தோடு நடுவில் வந்து நின்றது.

பழந்தமிழ் அந்தப் பட்டியலில் இருந்தது. அவ்வளவுதான். பக்கத்திலேயே ரிக்வேத சமஸ்கிருதமும் ஆங்கிலமும் இருந்தன. பழந்தமிழ் அதில் இருந்ததால் சிந்துவெளி தமிழ் ஆகிவிடும் என்றால், ஆங்கிலம் இருந்ததால் மொகஞ்சதாரோவில் ஆங்கிலம் பேசினார்கள் என்றும் சொல்லலாம். ஓர் ஒப்பீட்டு வரைபடத்தில் தன் பெயரைப் பார்த்தவுடன் அதைப் பட்டயமாக எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டோம்.

சண்டை அதோடு முடியவில்லை. 2010-இல் ‘கம்ப்யூட்டேஷனல் லிங்குவிஸ்டிக்ஸ்’ இதழில் ஸ்ப்ரோட் கடுமையாகத் தாக்கினார். கட்டுரையின் இரண்டு எல்லைகள், முழு ஒழுங்கும் முழுக் குழப்பமும், ஆசிரியர்களே செயற்கையாக உண்டாக்கியவை. நடுவில் விழுவதெல்லாம் மொழி ஆகிவிடாது. பொது அறிவியல் இதழ்கள் மொழியியல் தெரியாதவர்களிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பி ஏமாறுகின்றன என்றார். ராவ் குழு அதே இதழில் பதில் எழுதியது: செயற்கைத் தரவுகள் இரண்டு எல்லைகளைக் காட்டத்தான், உண்மையான ஒப்பீடுகளும் இருக்கின்றன, இது நிரூபணம் இல்லை, மற்றச் சான்றுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு சான்று என்றது. 2014-இல் ஸ்ப்ரோட் ‘லாங்குவேஜ்’ இதழில் மறுபடி வந்தார். இந்த முறை கையில் உண்மையான மொழியல்லாத குறியீடுகள்: மெசபொத்தாமிய எல்லைக்கற்களில் உள்ள தெய்வச் சின்னங்கள், வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் குலமரக் கம்பங்கள், வானிலை முன்னறிவிப்பில் வரும் சூரியன், மேகம், மழைப் படங்கள் வரை. இவையும் அந்த நடுப்பகுதிக்குள் வரக்கூடியவை என்பது அவர் வாதம். 2015-இல் ராவ் குழு மீண்டும் பதில் சொன்னது.

இரண்டு பக்கத்தையும் படித்த என் முடிவைச் சொல்கிறேன். சிந்துவெளிக் குறியீடுகள் எழுத்தாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றே நினைக்கிறேன். குறியீடுகள் வரிசையாக நிற்கின்றன. சில எப்போதும் முடிவில் வருகின்றன, சில தொடக்கத்தில். எழுதிய திசை தெரிகிறது. ஆனால் என்ட்ரோப்பி ஒன்றை மட்டும் வைத்து அதைத் தீர்க்க முடியாது என்ற இடத்தில் ஸ்ப்ரோட் சொல்வது சரி. இது எழுத்தா என்ற கேள்வியே இன்னும் வாதத்தில் இருக்க, எந்த மொழி என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரையை இழுத்து வருவது, வீட்டுக்கு அடித்தளமே போடாமல் கிரகப்பிரவேச அழைப்பிதழ் அடிப்பது மாதிரி.

இப்போது மேற்கோள் கணக்கைப் பாருங்கள். ஸ்ப்ரோட் 2010-இல் தாக்கினார்: ராவுக்கு மேற்கோள் கூடியது. 2014-இல் தாக்கினார்: மறுபடி கூடியது. கட்டுரையை மறுக்கும் ஒவ்வொருவரும் அதன் எண்ணை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கார்ஃபீல்ட் உண்டாக்கிய அட்டவணை இந்தச் சண்டையைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும்; அதற்காகத்தான் உண்டானது. நாம் அதைச் சண்டையே தெரியாதபடி ஒரே எண்ணாகச் சுருக்கி, அந்த எண்ணைக் கும்பிடுகிறோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த ஆறு பேர் பயன்படுத்திய தரவு எங்கிருந்து வந்தது? மகாதேவனிடமிருந்து. 1977-இல் அவர் வெளியிட்ட சிந்துவெளிப் பொறிப்புகளின் தொகுப்பு, 417 குறியீடுகளைப் பிரித்து எண்ணிட்டு, எது எங்கே எத்தனை முறை வருகிறது என்று அட்டவணை போட்ட நூல். பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து அவர் இதைச் செய்யவில்லை. இந்திய ஆட்சிப் பணியில் இருந்தபடி செய்தார். அது இல்லாமல் 2009 கட்டுரை இல்லை. பிறகு 2003-இல் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய பெருநூல். இரண்டு நூல்களுக்கும் நடுவில் இருபத்தாறு வருடம். எச் எண்ணின் கணக்குப்படி, ஒருவர் வாழ்நாளில் இரண்டே நூல்கள் எழுதினால், ஒவ்வொன்றையும் லட்சம் பேர் மேற்கோள் காட்டினாலும் அவருடைய எண் இரண்டைத் தாண்டாது. மகாதேவன் மாதிரி ஓர் ஆள் இன்று நம் நாட்டில் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்தால், நேர்காணல் அறைக்குள் வருவதற்கு முன்பே கணினி அவரைக் கழித்துக் கட்டிவிடும். மற்றவர்கள் நூறு கட்டுரை எழுதுவதற்கான தரையைப் போடுகிறவன் கணக்கில் வருவதில்லை.

மகாதேவன் சிந்துவெளியில் திராவிட மொழி இருந்திருக்கும் என்று கருதியவர். பின்லாந்தின் அஸ்கோ பர்ப்போலாவும் அப்படியே. மீன் வடிவக் குறியீட்டை ‘மீன்’ என்று படித்து, விண்மீனோடு சேர்த்து அவர் கட்டிய வாதத்தைப் பலர் அறிவார்கள். மதிப்புக்குரிய கருதுகோள். தனக்கான சான்றுகளோடு தன் காலில் நிற்கக்கூடியது. அதற்கு என்ட்ரோப்பிக் கட்டுரையின் மேற்கோள் எண்ணை முட்டுக் கொடுப்பவர்கள் அதை வலுப்படுத்தவில்லை. எதிராளி முட்டைத் தட்டிவிட்டால், கூடவே கருதுகோளும் விழுந்ததாகத்தான் ஊர் பேசும்.

“தம்பி, அதெல்லாம் சரி. நம்ம பிள்ளைங்களுக்குப் பெருமைன்னு ஒண்ணு வேண்டாமா?” என்று கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்து ஓரத்து மலிவு வீடுகளுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, உன் இனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று சொல்ல வேண்டிய தேவை எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளை என்ன ஆகிறது என்று பாருங்கள். தமிழ்ப்பள்ளி மேடையில் ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று பேசிக் கோப்பை வாங்குகிறது. பத்து வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் யாரோ ஒருவர் “எந்தக் கட்டுரை? எந்தப் பக்கம்?” என்று கேட்கிறார். பிள்ளைக்கு அப்போது இரண்டே வழி. ஒன்று, கேட்டவனை இனத் துரோகி என்பது. இன்னொன்று, எனக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாமே பொய் என்று தமிழ் பக்கமே திரும்பாமல் போவது. இரண்டு வகை ஆட்களும் எனக்குத் தெரியும். இரண்டு வகையும் நமக்கு நஷ்டம்.

‘நம்ம ஆள்’ விஷயமும் இதில் அடங்கும். ராவ் சென்னையில் பிறந்தவர் என்பதால் நம்ம ஆள், பெயரைப் பார்த்தால் தெலுங்கரா கன்னடரா என்று இன்னொரு விவாதம். அவர் கண்டுபிடித்தது என்ன என்று இதில் ஒருவரும் கேட்பதில்லை. மூளை எப்படிக் கணிக்கிறது என்று யோசித்தவரை, அவர் எந்த வீட்டில் பிறந்தார் என்று மட்டும் விசாரித்து அனுப்பிவிடுகிறோம்.

மேற்கோள் காட்டிவிட்டுப் படிக்காமல் விடுவதன் விலை என்ன என்று கெடாக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடாரம் என்ற சொல்லை நாம் பேசாத மேடை உண்டா? ராஜேந்திர சோழனின் 1025 படையெடுப்பு, கடாரம் கொண்டான் பட்டம், நம் மண்ணில் சோழன் என்று எத்தனை உரை! பூஜாங் பள்ளத்தாக்கு அலோர் ஸ்டாரிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரம். 1930களின் பிற்பகுதியில் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதி அங்கே அகழ்ந்து பதிவு செய்தார்கள். மெர்போக்கில் அரும்பொருளகம் இருக்கிறது. 2013-இல் ‘சண்டி 11’ என்று எண்ணிடப்பட்ட, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கட்டுமானத்தின் எச்சத்தை, வீடமைப்புக்கு நிலம் திருத்தியவர்கள் இயந்திரத்தை விட்டுத் தள்ளினார்கள். நிலம் தனியாருடையது, அந்த இடம் பாதுகாக்கப்பட்ட தலமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை என்பது பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. இயந்திரம் போன பிறகு எல்லாரும் கொதித்தோம். கடாரத்தை மேடைக்கு மேடை மேற்கோள் காட்டிய நம்மில், எந்தத் தலம் யார் நிலத்தில் இருக்கிறது, எது பதிவாகியிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று உட்கார்ந்து படித்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். மேற்கோள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. கல் தரையோடு போனது.

ராவ் - பாலர்டு மாதிரியில் மேலிருந்து கணிப்பு இறங்குகிறது, கீழிருந்து பிழை ஏறுகிறது. இரண்டும் வேண்டும். பிழை ஏறாவிட்டால் மூளை தான் எதிர்பார்த்ததையே பார்த்துக்கொண்டிருக்கும். நம் மேடைகளிலும் நம் பல்கலைக்கழகங்களிலும் கணிப்பு மட்டும் இறங்கிக்கொண்டிருக்கிறது. மேடையில் அது ‘நாம்தான் முதல்’. பல்கலைக்கழகத்தில் அது ‘இந்த வருடம் இத்தனை மேற்கோள்’. கீழிருந்து ஒருவன் ‘இது அப்படி இல்லையே’ என்று சொன்னால், மேடையில் ஒலிவாங்கியைப் பிடுங்குகிறார்கள், பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுகிறார்கள்.

பல்கலைக்கழகங்களுக்கு வழி தெரியாமல் இல்லை. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடி எழுதிய அறிக்கை ஒன்று, இதழின் மதிப்பெண்ணை வைத்து ஆளை எடை போடாதீர்கள், எழுதியதைப் படித்து மதிப்பிடுங்கள் என்று தெளிவாகச் சொல்கிறது. 2015-இல் வந்த லைடன் அறிக்கையும் எண்கள் நிபுணரின் வாசிப்புக்குத் துணையாக மட்டும் இருக்கட்டும் என்கிறது. நேர்காணலுக்கு வரும் ஒவ்வொருவரும் தம்முடைய சிறந்த கட்டுரை ஒன்றைக் கொடுக்கட்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு வரட்டும். செலவே இல்லாத சீர்திருத்தம். ஆனால் படிக்க வேண்டும். அங்கேதான் இடிக்கிறது.

நமக்கும் வழி தெரியும். சிந்துவெளி பற்றி மேடையில் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசுங்கள். ராவ் குழு என்ன சொன்னது, ஸ்ப்ரோட் என்ன சொன்னார், மகாதேவன் எப்படி உழைத்தார் என்று சண்டையோடு சேர்த்துப் பேசுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது புரியும். ‘ங்’-க்குப் பின் ‘க’ என்று ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் என்ட்ரோப்பியே புரிந்துவிடும். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கோப்பை வாங்கித் தராது. ஆனால் பத்து வருடம் கழித்து “எந்தக் கட்டுரை?” என்று கேட்கிறவனுக்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இருக்கும்.

ஒரு விவரத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். 2009-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த அந்தக் கட்டுரை, துணைத் தரவுகள் நீங்கலாக, அச்சில் ஒரே ஒரு பக்கம். நமக்கு வந்து சேரும் புலனச் செய்தி சில சமயம் அதைவிட நீளமாக இருக்கிறது.